கணினிக் கேள்வி பதில்: பார்வைக்கு ஒன்று, ஒப்பிட்டால் வேறு

கேள்வி: ஓ.எல். எழுதிவிட்டுப் பைத்தன் என்ற நிரல்மொழி படிக்கிறேன் அண்ணா. இரண்டு ஆங்கிலச் சொற்களை கெப்பிட்டல், சிம்பிள் வித்தியாசம் பார்க்காமல் ஒப்பிட வேண்டும். முதற்சொல் அகரவரிசையில் முன்னுக்கு வந்தால் -1, பின்னுக்கு வந்தால் 1, ஒன்றேயானால் 0. எல்லா எழுத்தையும் சிம்பிளாக்கும் லோவர் போட்டும் சில சோதனைகளில் பிழை என்கிறது. இன்னொன்று, எங்கள் வாசிகசாலைப் புத்தகப் பட்டியலை இதே மாதிரி ஒப்பிட்டால் ‘திருகோணமலை’ என்ற சொல்லே இரண்டு இடத்தில் வேறு வேறு என்று வருகிறது. ஏன்?
- வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, நீங்கள் அனுப்பிய கோடில் லோவர் தனி வரியில் சும்மா நிற்கிறது, அதுதான் பிழை. பைத்தனில் ஒரு சரத்தை, அதாவது ஸ்ட்ரிங்கை, உருவாக்கிய பிறகு மாற்ற முடியாது. லோவர் புதிய சரம் ஒன்றைத் திருப்பித் தரும், அதை நீங்கள் எங்கேயும் வாங்கி வைக்கவில்லை. சமன் குறி போட்டு அதே மாறியில் வாங்குங்கள். மாதிரிச் சோதனைகள் எல்லாம் சிம்பிள் எழுத்திலேயே இருந்ததால் இவ்வளவு நேரம் தப்பியிருக்கிறீர்கள். கெப்பிட்டல் எம்மில் மூதூர், சிம்பிள் கேயில் கிண்ணியா என்று ஆங்கிலத்தில் அடித்து, லோவர் போடாமல் ஒப்பிட்டுப் பாருங்கள், மூதூர்தான் முன்னுக்கு வரும், ஏனென்றால் கணினிக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு, கெப்பிட்டல் எம்மின் எண் 77, சிம்பிள் கேயின் எண் 107, கணினி பார்ப்பது அந்த எண்ணை மட்டுந்தான். அப்புறம், எழுத்து எழுத்தாக லூப் ஓட்டத் தேவையில்லை, சிறியது, பெரியது குறிகளே அந்த வேலையைச் செய்யும்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது, பாடப் பயிற்சியில் இது வராது, தமிழில் வேலை செய்கிற எல்லோரையும் ஒருநாள் மறிக்கும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ‘க’வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டு ‘திருகோணமலை’க்கும் சரத்தின் நீளத்தை எண்ணும் லென் போட்டுப் பாருங்கள், ஒன்றுக்கு 10, மற்றதுக்கு 11 வரும். பாமினி எழுத்துருவில் அடித்து யூனிகோடுக்கு மாற்றிய பழைய கோப்பு ஏதாவது பட்டியலில் கலந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அங்கிருந்து இது வரலாம்.

யூனிகோட்டேட்டா என்ற மொடியூலை இம்போர்ட் பண்ணி, அதிலுள்ள நோர்மலைஸை, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற வடிவம் கொடுத்து இரண்டு சரத்துக்கும் போடுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். முன்பின் வெற்றிடம் இருந்தால் அதை வெட்டும் ஸ்ட்ரிப்பும் வேண்டும். இவற்றின் விடையையும் வாங்கி வைக்க மறக்காதீர்கள், லோவர் கதைதான் இங்கேயும்.

ஆனால் சிலர் ‘திருக்கோணமலை’ என்று ‘க்’ போட்டு எழுதுகிறார்களே, அதை நோர்மலைஸ் ஒன்றாக்காது, அது உண்மையிலேயே வேறு எழுத்துக்கூட்டல். வாசிகசாலைக்காரர்களோடு பேசி எந்த வடிவம் என்று முடிவெடுத்து, மற்றதை அதற்கு மாற்றுகிற சின்ன அட்டவணை ஒன்றைக் கோடிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.