பதில்: டிவிஷன் 2 கல்லூரி, டிராஃப்டில் பெயர் வராவிட்டால் கதை முடிந்ததா?

உங்கள் மகன் டிவிஷன் 2 (கல்லூரி விளையாட்டின் இரண்டாம் நிலை) சின்னக் கல்லூரியில் கார்னர்பேக், அதாவது எதிரணியின் பந்து பிடிப்பவரைத் தடுப்பவர்; தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஏழு சுற்றிலும் யாரும் எடுக்காவிட்டால் அமெரிக்கன் ஃபுட்பாலையே விட்டுவிடச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். மால்கம் பட்லர் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மிசிசிப்பிக்காரர். முதலில் சேர்ந்த சமுதாயக் கல்லூரி அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். சொந்த ஊரில் பாப்பாய்ஸ் என்ற பொரித்த கோழி உணவகத்தில் வேலை பார்த்தார், அப்புறம் திரும்பிப் போய் ஆடி, வெஸ்ட் அலபாமாவுக்கு மாறினார், அதுவும் டிவிஷன் 2 தான். 2014 டிராஃப்டில் யாரும் சீண்டவில்லை. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் என்ற தொழில்முறை அணி, தன் புதுமுகப் பயிற்சி முகாமுக்கு ஒப்பந்தமே இல்லாமல், சோதித்துப் பார்க்கத்தான் கூப்பிட்டார்கள். அங்கே ஆடிக் காட்டித்தான் அணியில் இடம் பிடித்தார்.

2015 பிப்ரவரி 1, சூப்பர் பௌல், அதாவது தொழில்முறை லீக்கின் இறுதிப் போட்டி. 28-24 என்று பேட்ரியட்ஸ் முன்னிலை, ஆனால் எதிரணி சியாட்டில் கையில் பந்து, புள்ளி எடுக்கும் கோட்டுக்கு ஒரு கெஜம்தான் பாக்கி. சியாட்டிலின் ரஸ்ஸல் வில்சன் வீசிய பந்தை பட்லர் குறுக்கே பாய்ந்து பறித்தார். ஏதோ அதிர்ஷ்டம் என்பவர்களுக்கு ஒன்று: எதிரணியின் அதே தாக்குதல் உத்தியைப் பயிற்சியில் ஓட்டிப் பார்த்தபோது அவர் ஏமாந்து போயிருந்தார், அதனால்தான் அன்று எதிரணி நின்ற விதத்தைப் பார்த்ததுமே பாயத் தொடங்கிவிட்டார்.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். டிராஃப்ட் முடிந்த கையோடு அணிகள் மிச்சமுள்ளவர்களுக்கு போன் போடும், அதுவும் இல்லையென்றால் முகாம் சோதனை. பயிற்சியாளரிடம் பேசி, பக்கத்துப் பெரிய பல்கலைக்கழகத்தின் ப்ரோ டேயில் (தொழில்முறை அணிகளின் ஆட்கள் வந்து வீரர்களைச் சோதிக்கும் நாள்) ஓட இடம் கிடைக்குமா என்று இப்போதே கேட்கச் சொல்லுங்கள். பன்ட், கிக்காஃப் அணிகளில் (பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கான சிறப்பு அணிகள்) ஆடிய வீடியோவையும் சேர்த்துக் கொடுங்கள், அணியின் கடைசி இடங்களுக்கு அதைத்தான் பார்ப்பார்கள். பட்டப்படிப்பை மட்டும் பாதியில் விட வேண்டாம்.