ரொசலீயா, சிவகாமி: நடுவில் ஒரு காற்புள்ளி

கேள்வி: சிசிலியின் பலெர்மோ நகரில் இருக்கிறோம். நானும் கணவரும் இத்தாலியக் குடியுரிமை பெற்ற சைவர்கள். புனித ரொசலீயாவின் குகை இருக்கும் பெல்லெக்ரினோ மலைக்குப் போய் நேர்ந்துகொண்ட பிறகு தங்கிய பிள்ளை இது. பெண் பிள்ளை என்று ஸ்கேனில் சொன்னார்கள். ரொசலீயா என்று வைத்து, மாமியின் பெயரான சிவகாமியையும் சேர்க்க ஆசை. ஞானஸ்நானம் இல்லாமல் இந்தப் பெயரை வைக்கலாமா? ‘ரோஜாவும் லில்லியும்’ என்பதுதான் பொருளா?

பதில்: தாராளமாக வையுங்கள். ஞானஸ்நானம் தேவாலயத்தின் காரியம், பிறப்புப் பதிவு கொமூனேயின், அதாவது நகராட்சியின், காரியம். ஒன்றுக்கு மற்றது தேவையில்லை. அந்த மலையேறும் தமிழர்களில் சைவர்கள் நிறையப் பேர் என்பது பலெர்மோக்காரர்களுக்கும் தெரியும்.

‘ரோஜாவும் லில்லியும்’ என்பது ஒலியை வைத்துப் பின்னால் வந்த விளக்கம். சிசிலியை ஆண்ட நோர்மன்களோடு வந்த பெயர் என்றும், ‘புகழ்’ என்னும் பொருளுள்ள பழைய ஜெர்மானிய வேர் அதில் இருக்கிறது என்றும் கொள்வதே பொருத்தம். ரொசலீயா 12ஆம் நூற்றாண்டின் துறவி. 1624இல் கொள்ளைநோய் பரவியபோது அந்த மலைக்குகையில் அவருடையவை என்று கருதப்பட்ட எலும்புகள் கிடைத்தன. அவற்றை ஊர்வலமாகக் கொண்டுபோனபின் நோய் தணிந்தது என்ற நம்பிக்கையில்தான் அவர் பலெர்மோவின் பாதுகாவல் புனிதர் ஆனார். பெயர்நாள், அதாவது அந்தப் புனிதரின் திருநாள், செப்டம்பர் 4. அழைக்கும்போது அழுத்தம் ‘லீ’யில் விழ வேண்டும். வீட்டில் ‘லீயா’ என்று சுருக்கலாம்.

இனிப் பதிவு. இதில்தான் கவனம் வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே என்றால் 3 நாளுக்குள், கொமூனேயில் என்றால் 10 நாளுக்குள் பதியுங்கள். மூன்று பெயர்கள் வரை வைக்கலாம். இரண்டு பெயருக்கும் நடுவே காற்புள்ளி போட்டால் சான்றிதழ்களில் ‘ரொசலீயா’ மட்டுமே வரும். போடாவிட்டால் ‘ரொசலீயா சிவகாமி’ முழுவதும் ஒரே பெயர். கடவுச்சீட்டு, பள்ளி, விமான டிக்கெட் எல்லாவற்றிலும் அப்படியே இருக்க வேண்டும். ஒன்றில் விட்டாலும் அலைச்சல்தான். வரி அடையாளக் குறியீடான கோதிச்சே பிஸ்காலேயும் மாறும். அதன் 4 முதல் 6 வரையுள்ள எழுத்துகள் பெயரின் மெய்யெழுத்துகளிலிருந்து எடுக்கப்படுகின்றன. ரொசலீயா மட்டும் என்றால் ஆர், எஸ், எல். சிவகாமியும் சேர்ந்தால் மெய்கள் மூன்றைத் தாண்டுவதால் இரண்டாவதை விட்டு ஆர், எல், எஸ்.

மாமியின் பெயர் எல்லாத் தாளிலும் நிற்க வேண்டும் என்றால் காற்புள்ளி வேண்டாம். வீட்டளவில் போதும் என்றால் போடுங்கள். கையொப்பமிடும் முன் பதிவாளர் தட்டச்சு செய்ததை ஒவ்வோர் எழுத்தாக வாசித்துப் பாருங்கள். பிறகு திருத்துவது எளிதல்ல.