இளம் குவார்ட்டர்பேக் அடி வாங்கிக்கொண்டே இருந்தால் முதலில் யாரை வாங்குவது?

வாசகர் கேள்வி: நான் பார்க்கும் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி போன சீசனில் நாலே ஆட்டம்தான் ஜெயித்தது. ட்ராஃப்ட்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்வில், முதல் சுற்றில் எடுத்த இளம் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) வாரம் தவறாமல் தரையில் கிடக்கிறார். இந்த மார்ச்சில் லீகின் சம்பள உச்சவரம்புக்குள் நல்ல இடம் இருக்கிறது, ஏப்ரல் ட்ராஃப்ட்டில் முதல் பத்துக்குள் ஒரு பிக்கும் (ஆள் எடுக்கும் முறை) இருக்கிறது. கூடப் பார்க்கிற நண்பர்கள் எல்லாரும் பெரிய ரிசீவர் (வீசும் பந்தைப் பிடிப்பவர்) ஒருத்தர் வந்தால் போதும் என்கிறார்கள். ரிசீவரா, லைனா (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை), ரன்னிங் பேக்கா (பந்தோடு ஓடுபவர்), எதில் ஆரம்பிக்க வேண்டும்? கீழ்ச்சுற்று பிக்குகளைக் கொடுத்து அனுபவசாலிகளை வாங்கலாமா?

பதில்: நேராகவே சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் ஃப்ரீ ஏஜென்சி தொடங்கி, ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் சந்தைக்கு வரும்போது, பணத்தை லைனின் நடுப்பகுதியில் போடுங்கள், அதாவது சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் நிற்கும் கார்டுகள். ஏப்ரலில் அந்த உயர்ந்த பிக்கை வைத்து டேக்கிளோ (லைனின் ஓரங்களில் நிற்பவர்) ரிசீவரோ, அன்றைக்கு யார் நிஜமாகவே சிறந்தவரோ அவரை எடுங்கள். ரன்னிங் பேக் கடைசி. லைன் முக்கியம் என்று எல்லாரும் சொல்வார்கள், அதில் புதிதாக ஒன்றும் இல்லை. எந்த இடத்தை எந்தச் சந்தையில் வாங்குவது என்பதில்தான் பாதி அணிகள் தடுமாறுகின்றன.

உங்கள் அணியின் நிலைமையை அப்படியே பார்க்க வேண்டும் என்றால் சிகாகோ பேர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மார்ச்சில் அந்த வருடத்தின் முதல் பிக்கை கரோலைனா பாந்தர்ஸுக்குக் கொடுத்து, ரிசீவர் டிஜே மூரையும் ஒரு கொத்து பிக்குகளையும் வாங்கினார்கள். அந்தக் கொத்தில் இருந்த கரோலைனாவின் 2024 முதல் சுற்று பிக், கரோலைனா 2-15 (2 வெற்றி, 15 தோல்வி) என்று லீகின் கடைசிக்கு மூழ்கியதால், ட்ராஃப்ட்டிலேயே முதல் பிக்காக வந்து விழுந்தது. அதில் எடுத்தது குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸை. ஒன்பதாவது பிக்கில் ரிசீவர் ரோம் ஒடுன்ஸே. அதற்கு முன்பே நாலாவது சுற்று பிக் ஒன்றைக் கொடுத்து சார்ஜர்ஸிடமிருந்து கீனன் ஆலனை வாங்கியாயிற்று, ரன்னிங் பேக் டிஆண்ட்ரே ஸ்விஃப்டுக்கு மூன்று வருடத்துக்கு 24 மில்லியன் டாலர் கொடுத்தாயிற்று. மூர், ஆலன், ஒடுன்ஸே, ஸ்விஃப்ட். ஒரு புது குவார்ட்டர்பேக்குக்கு இதைவிட நல்ல கூட்டம் அமையாது என்றுதான் பல பேர் எழுதினார்கள்.

என்ன ஆயிற்று? வில்லியம்ஸ் அந்த சீசனில் 68 முறை சாக் ஆனார், அதாவது பந்தை வீசும் முன்பே வீழ்த்தப்பட்டார், லீகிலேயே அதிகம். நடுவில் தொடர்ச்சியாகப் பத்து ஆட்டங்கள் தோற்று 5-12 என்று முடித்தார்கள். தாக்குதல் பயிற்சியாளரை நவம்பரிலேயே நீக்கினார்கள், தேங்க்ஸ்கிவிங் ஆட்டத்துக்கு மறுநாள் தலைமைப் பயிற்சியாளரும் போனார். அத்தனை நல்ல ரிசீவர்கள் இருந்து என்ன பயன், அவர்கள் ஓடி முடித்துத் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து வைத்திருப்பவர் கீழே கிடந்தால். அந்த வருடம் பேர்ஸ் ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பையன் ஒவ்வொரு தடவையும் எழுந்து வருவதைப் பார்க்கவே மனசு கஷ்டப்பட்டது.

அடுத்த வருடம் செய்ததைத்தான் நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் டெட்ராய்ட் லயன்ஸின் தாக்குதல் பயிற்சியாளர் பென் ஜான்சனைத் தலைமைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார்கள். மார்ச்சில் ஃப்ரீ ஏஜென்சி தொடங்கும் முன்னும் பின்னுமாக நடு லைனின் மூன்று இடங்களையும் ஒரே மூச்சில் மாற்றினார்கள். இடது கார்டாக ஜோ தூனி, கன்சாஸ் சிட்டி சீஃப்ஸிடமிருந்து 2026-ன் நாலாவது சுற்று பிக்குக்கு. வலது கார்டாக ஜோனா ஜாக்சன், ராம்ஸிடமிருந்து ஆறாவது சுற்று பிக்குக்கு. இவர் டெட்ராய்டில் ஜான்சனின் கீழ் ஏற்கெனவே ஆடியவர், அந்த ஆட்டமுறை அவருக்குப் புதிதில்லை. சென்டராக அட்லாண்டாவில் இருந்த ட்ரூ டால்மன், மூன்று வருடம், 42 மில்லியன். அவ்வளவுதான், ட்ராஃப்ட் வருவதற்கு முன்பே பெரிய ஓட்டை அடைபட்டுவிட்டது.

அதனால் ஏப்ரலில் பதற்றம் இல்லை. பத்தாவது பிக்கில் கார்டு வேண்டுமே என்று யாரையும் இழுத்துப் பிடிக்கத் தேவை இல்லாமல் டைட் எண்ட் (தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) கால்ஸ்டன் லவ்லண்டை எடுத்தார்கள், 39-வதில் ரிசீவர் லூதர் பர்டன், 56-வதில் டேக்கிள் ஆஸி ட்ரப்பிலோ, ஏழாவது சுற்றில் ரன்னிங் பேக் கைல் மொனாங்காய். அந்த சீசனில் வில்லியம்ஸின் சாக் எண்ணிக்கை 24-க்கு இறங்கியது. அணி 11-6 என்று என்எஃப்சி வடக்குப் பிரிவை வென்றது, ப்ளேஆஃப்பில் (நாக் அவுட் சுற்று) க்ரீன் பே பேக்கர்ஸையும் தோற்கடித்தது.

சரி, ஏன் குறிப்பாக நடு லைனை மார்ச்சில் வாங்க வேண்டும்? ஒரு காரணம் ஆட்டத்திலேயே இருக்கிறது. ஓரத்திலிருந்து ஒருவர் பாய்ந்து வந்தால் குவார்ட்டர்பேக் ஒரு அடி முன்னே வைத்துத் தப்பிக்கலாம். நடுவிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தால் முன்னே வைக்க இடமே இல்லை, கண்ணுக்கு நேரே சுவர் மாதிரி ஆட்கள், வீசும் கோணமும் போய்விடும். இளம் குவார்ட்டர்பேக்குக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எதிர் அணி எங்கிருந்து பாயப் போகிறது என்று பார்த்து லைனுக்குச் சொல்லும் வேலையில் பெரும் பங்கு சென்டருடையது. அந்த இடத்தில் விஷயம் தெரிந்தவர் இருந்தால் புதியவரின் தலைச்சுமை பாதியாகக் குறையும்.

இன்னொரு காரணம் சந்தை, இதை ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. நல்ல டேக்கிள்கள் ஃப்ரீ ஏஜென்சிக்கு வருவதே அபூர்வம், அவர்களுடைய அணிகள் விடுவதில்லை. கார்டும் சென்டரும் வருகிறார்கள். ஏன் என்றால், ஒப்பந்தம் முடியும் வீரரை நிர்ணயித்த தொகைக்கு இன்னொரு வருடம் பிடித்துவைக்கும் ஃப்ரான்சைஸ் டேக் என்ற விதியில் டேக்கிள், கார்டு, சென்டர் மூவருக்கும் ஒரே தொகைதான், அந்தத் தொகையை ஏற்றிவிடுவது டேக்கிள்களின் சம்பளம். ஒரு சென்டரைப் பிடித்துவைக்க டேக்கிள் விலை கொடுக்கப் பெரும்பாலான அணிகள் தயாரில்லை. 2025-ல் கன்சாஸ் சிட்டி தன் கார்டு ட்ரே ஸ்மித்துக்கு டேக் போட்டது, அது விதிவிலக்கு. அந்தச் செலவு வந்த பிறகுதான் தூனி நாலாவது சுற்று விலைக்கு சிகாகோவுக்குப் போனார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதே கன்சாஸ் சிட்டி 2021-ல் செய்தது இன்னும் பெரிய வேலை. அந்த பிப்ரவரி சூப்பர் பௌலில் (சீசனின் இறுதி ஆட்டம்) டேம்பா பேயிடம் 31-9 என்று தோற்றார்கள், இரண்டு டேக்கிள்களும் காயத்தில், குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் ஆட்டம் முழுக்க உயிருக்கு ஓடினார். அடுத்த சீசன் தொடங்குவதற்குள் ஐந்து இடங்களும் மாறின. தூனியை ஐந்து வருடம் 80 மில்லியனுக்கு எடுத்தார்கள், இடது டேக்கிளுக்கு ஆர்லாண்டோ பிரவுனை முதல் சுற்று பிக் உட்படக் கொடுத்து வாங்கினார்கள், ட்ராஃப்ட்டில் 63-வது பிக்கில் சென்டர் க்ரீட் ஹம்ஃப்ரி, 226-வதில் ட்ரே ஸ்மித். டேக்கிளுக்கு முதல் சுற்றே போயிற்று, கார்டும் சென்டரும் எவ்வளவு கீழே கிடைத்தார்கள் பாருங்கள். இரண்டு வருடம் கழித்து அதே லைன், அந்த சீசனில் 70 சாக் எடுத்திருந்த ஃபிலடெல்ஃபியாவுக்கு சூப்பர் பௌலில் ஒரு சாக் கூடக் கொடுக்கவில்லை.

இனி உங்கள் நண்பர்களின் ரிசீவர் வாதம். அதை நான் ஒதுக்க மாட்டேன், ட்ராஃப்ட்டில் ரிசீவர் எடுப்பதற்குக் கணக்கு பலமாகவே இருக்கிறது. 2025 மார்ச்சில் சின்சினாட்டியின் ரிசீவர் ஜமார் சேஸ் போட்ட ஒப்பந்தம் நாலு வருடத்துக்கு 161 மில்லியன், அதாவது வருடத்துக்கு 40 மில்லியனுக்கு மேல். ஒன்பதாவது பிக்கான ஒடுன்ஸேவுக்கு நாலு வருடத்துக்கும் சேர்த்தே 23 மில்லியனைத் தொடவில்லை. லீகும் வீரர்கள் சங்கமும் 2011-ல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு புதியவர்களின் சம்பளம் பிக் நம்பரோடு கட்டப்பட்டுவிட்டதால் விலை உயர்ந்த இடங்களை ட்ராஃப்ட்டில் நிரப்புவதுதான் லாபம். ரிசீவர், டேக்கிள் இரண்டுமே அப்படிப்பட்ட இடங்கள். ஆகவே முதல் பத்துக்குள் ரிசீவரா டேக்கிளா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, ஆளைப் பொறுத்தது.

2021-ல் சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு இதே கேள்விதான் வந்தது. முந்தைய வருடம் முதல் பிக்கில் எடுத்த ஜோ பரோ முழங்கால் கிழிந்து சீசனை இழந்திருந்தார், எல்லாரும் டேக்கிள் பெனே சூவெல்லை எடுக்கச் சொன்னார்கள், அவர்கள் ஐந்தாவது பிக்கில் சேஸை எடுத்தார்கள். அந்த வருடமே சூப்பர் பௌல் போனார்கள், ஆகவே சேஸை எடுத்தது தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. ஏழாவதாக டெட்ராய்ட் போன சூவெல்லும் லீகின் தலைசிறந்த டேக்கிள்களில் ஒருவராகிவிட்டார், அதுவும் சரி. தப்பு எங்கே என்றால், நடு லைனைச் சரிசெய்யாமல் விட்டது. பரோ அந்த சீசனில் 51 சாக், டென்னசிக்கு எதிரான ப்ளேஆஃப் ஆட்டத்தில் மட்டும் ஒன்பது, சூப்பர் பௌலில் ஏழு. 23-20 என்று பின்தங்கியிருந்த கடைசி நிமிடத்தில் நடுவில் புகுந்து அவரைச் சுழற்றிப் பிடித்தவர் ராம்ஸின் ஏரன் டொனால்ட். அடுத்த மார்ச்சில்தான் சின்சினாட்டி சென்டர் டெட் கேராஸையும் கார்டு அலெக்ஸ் கேப்பாவையும் பணம் கொடுத்து எடுத்தது. ஒரு வருடம் முன்னால் எடுத்திருந்தால் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும்.

ரன்னிங் பேக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, சாக்வான் பார்க்லியின் இரண்டு வருடங்களே போதும். 2023-ல் நியூயார்க் ஜயன்ட்ஸில் 962 கெஜம், ஓட்டத்துக்கு நாலு கெஜம் கூட இல்லை. 2024-ல் ஃபிலடெல்ஃபியாவின் லைனுக்குப் பின்னால் 2,005 கெஜம். அதே ஆள்தான். லைன் சரியான பிறகு நல்ல ரன்னிங் பேக்குக்குப் பணம் கொடுங்கள், அப்போது அது வீணில்லை.

இரண்டு எச்சரிக்கை. கார்டு வாங்கினாலே வேலை முடிந்தது என்று இல்லை. இதே சிகாகோ 2023-ல் நேட் டேவிஸுக்கு மூன்று வருடம் 30 மில்லியன் என்று ஒப்பந்தம் போட்டு 2024 நவம்பரிலேயே விடுவித்தது. உங்கள் பயிற்சியாளர் ஆடவைக்கிற முறையில் ஏற்கெனவே ஆடியவரா, தொடர்ந்து எத்தனை ஆட்டம் களத்தில் நின்றிருக்கிறார், இந்த இரண்டையும் பெயரை விட முன்னால் பாருங்கள். அப்புறம், சாக் எல்லாமே லைனின் கணக்கு அல்ல. வில்லியம்ஸ் முதல் வருடத்தில் பந்தை நீண்ட நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார், அதில் பல சாக் அவருடையதுதான். ஜான்சன் வந்ததும் சென்டருக்கு நேர் பின்னால் நின்று பந்து வாங்குவது, ஓட்டம் போலக் காட்டி வீசுவது என்று ஆட்டத்தையே மாற்றினார். லைனும் பயிற்சியாளரும் சேர்ந்து மாறியதால் எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே உங்கள் அணி பழைய ஆட்டமுறையையே வைத்துக்கொண்டு ஆட்களை மட்டும் மாற்றினால் சாக் 24-க்கு இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இடது டேக்கிளை சிகாகோவாலும் உடனே தீர்க்க முடியவில்லை, 2025-ல் அந்த இடத்தில் மூன்று பேர் மாறி மாறி நின்றார்கள்.

கடைசியாகக் கேட்டீர்களே, கீழ்ச்சுற்று பிக்குக்கு அனுபவசாலி வாங்கலாமா என்று. தாராளமாக வாங்கலாம், எந்த இடத்துக்கு என்பதை மட்டும் பாருங்கள். சிகாகோ அடுத்தடுத்த வருடங்களில் ஒரே விலைக்கு இரண்டு மூத்தவர்களை வாங்கியது. நாலாவது சுற்றுக்கு வந்த கீனன் ஆலன் 744 கெஜம் எடுத்தார், ஒரு வருடத்தில் கிளம்பிவிட்டார். நாலாவது சுற்றுக்கு வந்த தூனி இடது கார்டு இடத்தைப் பற்றிய கவலையையே மறக்க வைத்தார். ட்ரேடில், அதாவது பிக் கொடுத்து, வாங்குவதில் இன்னொரு வசதியும் உண்டு. வெளியே போன உங்கள் வீரர்களுக்கு ஈடாக லீக் தரும் கூடுதல் பிக்குகள், வெளியிலிருந்து ஃப்ரீ ஏஜெண்ட் எடுத்தால் குறையும், ட்ரேடில் எடுத்தால் குறையாது, பழைய அணி வெட்டிவிட்ட வீரரை எடுத்தாலும் குறையாது. மார்ச் முதல் வாரத்தில் எந்த அணி கார்டுகளுக்குச் சம்பளம் கட்ட முடியாமல் திணறுகிறது என்று ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் அணி அழைக்க வேண்டிய முதல் இரண்டு மூன்று எண்கள் அதில்தான் இருக்கும்.