கேஸ் கிரில் எத்தனை வருஷம் உழைக்கும்? கேள்வியும் பதிலும்

தோட்டத்து வீட்டிலும் மொட்டை மாடியிலும் கேஸ் கிரில் (கறியைக் கம்பித் தட்டில் சுடும் கேஸ் அடுப்பு) வைத்திருப்பவர்கள், வாங்க நினைப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். பர்னர் பட்டறை வேலை அறிந்த ஒருவர் பதில் சொல்கிறார்.

பல்லடம்: அண்ணா, வணக்கமுங்க. தோட்டத்துல வைக்க ஒரு கிரில் வாங்கோணும். கடையில 4 பர்னர், 6 பர்னர்னு காட்டறாங்க. எதைப் பாத்து வாங்கறதுங்க?

வணக்கமுங்க. பர்னர் எத்தனைன்னு எண்ணாதீங்க. மூடியைத் திறந்து, கம்பித் தட்டைத் தூக்கி வெளியே வெச்சுட்டு உள்ளே பாருங்க. கிரில் சாகறது எப்பவும் உள்ளே இருந்துதான். வெளிப் பளபளப்பு பத்து வருஷம் ஆனாலும் அப்படியே நிக்கும், அதுக்குள்ள பர்னர் ரெண்டு தடவை ஓட்டை விழுந்திருக்கும்.

முதல்ல பர்னர் குழாய். 304 வகை எவர்சில்வர், 1 மி.மீ.க்குக் குறையாத கனம் இருக்கணும். விரல்ல அழுத்தினா நெளியற குழாய் வேண்டாம். அடுத்தது மேல்தகடு, அதாவது பர்னருக்கு மேல கூரை மாதிரி மூடியிருக்கிற தகடு. சொட்டற எண்ணெயும் உப்பும் நேரா பர்னர்ல விழாம இதுதான் தடுக்குது. மெல்லிசா இருந்தா ரெண்டு வருஷத்துல மக்கி விழும், அதுக்கப்புறம் பர்னர் போகும். மூணாவது, பர்னர் உக்கார்ற பெட்டி. வார்த்த அலுமினியப் பெட்டி துருப்பிடிக்காது. பெயின்ட் அடிச்ச இரும்புத் தகடுன்னா மூலைகள்ல இருந்து அரிக்க ஆரம்பிக்கும்.

சூடு பத்துமான்னு பாக்க ஒரு கணக்கு இருக்குது. சமைக்கிற பரப்புல ஒரு சதுர அங்குலத்துக்கு மணிக்கு 80 முதல் 100 பி.டி.யூ. (சூட்டை அளக்கிற அலகு) போதும். 400 சதுர அங்குலத்துக்கு 32,000 முதல் 40,000 வரை. அதுக்கு மேல எழுதியிருந்தா கேஸ்தான் தீரும். மூடி சரியா உக்காராத கிரில்லுல எவ்வளவு பெரிய எண் இருந்தும் பிரயோஜனம் இல்லைங்க.

கடைசியா, அந்தக் கடையிலயே "இதுக்கு மாத்து பர்னர் இருக்குதுங்களா, எடுத்துக் காட்டுங்க"ன்னு கேளுங்க. காட்ட முடியாத கடையில வாங்காதீங்க.

பெருந்துறை: காந்தம் ஒட்டலைன்னா 304-ன்னு கடைக்காரர் சத்தியம் பண்றார். நம்பலாமுங்களா?

பாதிதான் உண்மைங்க. காந்தம் நல்லா இழுத்துப் புடிச்சா அது 430 வகை, இல்லை வெறும் இரும்பு. ஆனா ஒட்டலைன்னா 304-ன்னு அர்த்தம் இல்லை. 201, 202-னு மலிவு வகைகள் இருக்குது. அதுகள்ல நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸ் சேர்த்திருப்பாங்க, அதுவும் காந்தத்துல ஒட்டாது. 304-ல 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். அந்த நிக்கல்தான் விலை. இன்னொண்ணு, நிஜ 304-லயும் வளைச்ச இடத்துல காந்தம் லேசா இழுக்கும், அதை வெச்சுத் தள்ளிடாதீங்க.

பிரிச்சுப் பாக்க, தகட்டுல விட்டுச் சோதிக்கிற சொட்டு மருந்து இருக்குது. எவர்சில்வர் பழசு எடுக்கிற கடைகள்லயும் தகடு வியாபாரிகள்கிட்டயும் கேளுங்க. மாங்கனீஸ் அதிகமிருந்தா நிறம் மாறிக் காட்டிக் குடுத்துடும். மூடி 430-ஆ இருந்தா பரவாயில்லை. பர்னரும் மேல்தகடும் 304-ஆ இருக்கணும்.

அவிநாசி: நாலு மாசமா தொடாம இருந்த கிரில்லைப் பத்த வெச்சேன். தீ மஞ்சளா வந்து, நாப் (திருகற குமிழ்) பக்கம் முன்னாடி குப்புன்னு புடிச்சுது. என்ன ஆச்சுங்ண்ணா?

முதல்ல அதை மறுபடி பத்த வைக்காதீங்க. இது குளவி வேலை, இல்லைன்னா சிலந்தி. நம்ம பக்கம் தோட்டத்துல மண் குளவிக்கு விரல் நுழையற ஓட்டை கிடைச்சாப் போதும், கூடு கட்டிடும். பர்னர் குழாயோட வாய், அதாவது காத்தும் கேஸும் கலக்கிற இடம், அதுக்கு ஏத்த அளவு. வாய் அடைச்சுதுன்னா கேஸ் குழாய்க்குள்ள போகாம வெளியே வழிஞ்சு, நாப்புக்குப் பின்னாடி பத்திக்கும். ரப்பர் குழாய் பக்கத்துலயே இருக்கிறதால இதை லேசா எடுத்துக்கக் கூடாதுங்க.

ரெகுலேட்டரைக் கழட்டிடுங்க. தட்டு, மேல்தகடு எல்லாம் எடுத்துட்டு பர்னரை வெளியே எடுங்க. பெரும்பாலும் பின்பக்கம் ஒரு திருகாணியோ ஊக்கோதான் புடிச்சிருக்கும். வாய்ல டார்ச் அடிச்சுப் பாருங்க. நீள பிரஷ் விட்டு, மறுமுனை வழியா மண்ணு வெளிய வர்ற வரைக்கும் தள்ளுங்க. துளைகளைத் தேய்க்கும்போது குழாய்க்குக் குறுக்கே மட்டும் தேய்ங்க. நெடுக்கா இழுத்தா அழுக்கு ஒரு துளையில இருந்து அடுத்த துளைக்குள்ள போகும். அடைச்ச துளையை மெல்லிய கம்பியால குத்துங்க, ஆணியை விட்டுப் பெருசாக்கிடாதீங்க. ஜெட், அதாவது குழாய் வாய்க்குள்ள கேஸை விடற சின்ன மூக்கு, அதோட ஓட்டையைக் கம்பியால தொடவே வேண்டாம், ஊதினாப் போதும்.

திருப்பி மாட்டும்போது ஜெட் நுனி குழாய் வாய்க்குள்ள, நடுவுல உக்காந்திருக்கணும். பெரும்பாலான தப்பு இங்கதான் நடக்குது. ஜெட் வெளியே நின்னா நீங்க துடைச்சதெல்லாம் வீண், மறுபடி அதே தீதான்.

அப்புறம் எல்லா நாப்பையும் மூடி வெச்சு, ரெகுலேட்டரைத் திறந்து, ஒவ்வொரு இணைப்புலயும் சோப்பு நுரை தடவுங்க. குமிழி வளர்ந்தா கசிவு. மூடியைத் திறந்து வெச்சுத்தான் பத்த வைக்கணும். நீலத் தீ, நுனியில கொஞ்சம் மஞ்சள், அதுதான் சரி. இனி ரெண்டு மாசம் சும்மா கிடந்தாலே வாயைப் பாத்துட்டுப் பத்த வைங்க.

கோபி: சுருக்கமாச் சொல்லுங்க, எது எத்தனை வருஷம் வரும்?

மாசம் ரெண்டு மூணு தடவை சமைச்சா, சுமாரா: பத்த வைக்கிற பொத்தான் 2, 3 வருஷம் (போனா நீள லைட்டர் போதும்), மெல்லிசு பர்னர் 3, 4 வருஷம், கனமான 304 பர்னர் 8-க்கு மேல, மேல்தகடு 3 முதல் 5, வார்த்த அலுமினியப் பெட்டி 15-ஐத் தாண்டும்.

உடுமலை: ஆடிக் காத்துல தீ நிக்கறதே இல்லைங்க. நாப்பெல்லாம் தொட முடியாம சுடுது.

பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து உங்க பக்கம் நேரா அடிக்கும், காத்தாலைகளை நட்டதே அதனாலதான். கிரில்லோட முதுகுல அடிச்சா, பின்பக்கத் துவாரம் வழியா வெளிய போக வேண்டிய சூடு முன்னாடி நாப் பலகைக்குத் திரும்பும். நாப் உருகறதும் வால்வு கிரீஸ் காய்ஞ்சு இறுகறதும் இதனாலதான். பர்னர்கள் முன்னிருந்து பின்னாகப் போற கிரில்லுன்னா, காத்து பக்கவாட்டுல வர்ற மாதிரி திருப்பிப் போடுங்க. ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் மேக்கே ஒரு சுவர் மறைவு வேணும். அதுக்காக முதுகுப்பக்கத் துவாரத்தைத் தகடு வெச்சு அடைக்கிறவங்க இருக்காங்க. அதைச் செய்யாதீங்க, சூடு போக வழியில்லாம பெட்டிக்குள்ளயே நிக்கும்.

தென்னங்கீத்துக் கொட்டாய்க்குள்ள கிரில் வைக்கவே கூடாது. ஓலை நுனியில இருந்து 3 மீட்டராவது தள்ளி வைங்க.

திருச்செங்கோடு: கழுவிக் கழுவி வெச்சும் எவர்சில்வர்ல வெள்ளை படிஞ்சு, புள்ளி புள்ளியா அரிக்குது. மட்டமான சரக்குங்களா?

சரக்கைவிட தண்ணியைச் சந்தேகப்படுங்க. போர்த் தண்ணியில இருக்கிற உப்பு காயும்போது தகட்டு மேலயே தங்கும், அந்தக் குளோரைடு 304-ஐக்கூடப் புள்ளி புள்ளியாத் துளைக்கும். தயிர், எலுமிச்சை, உப்புப் போட்ட மசாலா சொட்டி நின்னாலும் இதே கதை. கிரில்லைத் தண்ணி ஊத்திக் கழுவவே வேண்டாம். சமையல் முடிஞ்சதும் மூடியைப் போட்டு 10, 15 நிமிஷம் முழுத் தீயில எரிச்சு அணைச்சுடுங்க. வெதுவெதுப்பா இருக்கும்போது சுரண்டி, ஈரத் துணியால துடைச்சு, உடனே காஞ்ச துணி. துடைக்கிற தண்ணி மழைத் தண்ணியோ குடிதண்ணியோ இருக்கட்டும். வெள்ளைப் படிவத்துக்குத் தண்ணி கலந்த வினிகர் போதும். ஆசிட், பிளீச்சிங் பக்கம் போகாதீங்க, இரும்பு நாரும் வேண்டாம்.

கம்பி பிரஷ்ல உதிர்ற ஒத்தைக் கம்பி கறியோட வயித்துக்குள்ள போன நிகழ்வுகள் மருத்துவ ஏடுகள்லயே பதிவாயிருக்குது. பாதி வெங்காயத்தை முள்கரண்டியில குத்தி, சூடான தட்டுல தேய்ங்க, நல்லாவே சுத்தமாகும்.

ஈரோடு: பர்னர் மக்கிப் போச்சு. அந்த மாடலே இப்ப வர்றதில்லையாம். தூக்கிப் போட்டுடறதுங்களா?

தூக்கிப் போடாதீங்க. பம்புசெட்டும் கிரைண்டரும் செய்யற ஊர்கள் பக்கத்துல இருந்துட்டு ஒரு குழாய்க்காக முழுக் கிரில்லை எறியறது நியாயமில்லைங்க. கோவையில எந்தத் தகட்டுப் பட்டறையிலயும் இது முடியும், ஆனா அளவை நீங்கதான் சொல்லணும்.

பழைய பர்னரைக் கையோட எடுத்துட்டுப் போங்க, உடைஞ்சிருந்தாலும் சரி. குழாயோட விட்டம், நீளம், துளை எத்தனை, துளை விட்டம், முதல் துளை எங்க ஆரம்பிக்குது, இத்தனையும் அப்படியே வரணும். அரிக்காத ஒரு துளையில டிரில் பிட்டை விட்டு அளந்துக்கோங்க. "இன்னும் நாலு துளை சேர்த்துப் போடறேன், நல்லா எரியும்"னு பட்டறைக்காரர் சொன்னா ஒத்துக்காதீங்க. துளையோட மொத்தப் பரப்பு கூடினா கேஸ் வர்ற வேகம் குறைஞ்சு தீ குழாய்க்குள்ள இறங்கும். குறைஞ்சா தீ துளையை விட்டுத் தூக்கி நின்னு எரிஞ்சு அணையும். ஜெட் பழசே இருக்கட்டும். 304 குழாய், 1.2 மி.மீ. கனம், முனையை ஆர்கான் வெல்டிங்ல அடைக்கச் சொல்லுங்க. துளை போட்டபின் உள்பக்கப் பிசிறை எடுத்தே ஆகணும், இல்லைன்னா அழுக்கு அங்கதான் புடிக்கும்.

மேல்தகடு இன்னும் சுலபம். 1.5 மி.மீ. 304 தகட்டை மடிச்சு வாங்கிக்கலாம். ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசின இரும்புத் தகடு மட்டும் வேண்டாம். சூட்டுல துத்தநாகம் புகையாகி வரும், அது நஞ்சு.

கம்பித் தட்டு போயிருந்தா ஃபவுண்டரியில பழசையே அச்சா வெச்சு வார்த்துக்கலாம். ஆறும்போது வார்ப்பிரும்பு சுமாரா 1 சதவீதம் சுருங்கும். 40 செ.மீ. தட்டுல 4 மி.மீ. குறையும், சூட்டுல விரியறதுக்கு அந்த இடைவெளி நல்லதுதான். பெயின்ட் அடிக்காம வாங்குங்க. தோசைக்கல் பழக்கற மாதிரியே கடலை எண்ணெய் மெல்லிசாத் தடவி, புகை அடங்கற வரைக்கும் சூடு பண்ணி, மூணு நாலு தடவை திருப்பிச் செய்யுங்க.

கோயமுத்தூர்: தம்பி அமெரிக்காவுல இருந்து கிரில் கொண்டாந்தான். அதோட ரெகுலேட்டர் நம்ம சிலிண்டர்ல மாட்டவே மாட்டேங்குது.

மாட்டாதுங்க, வால்வு வேற. இடையில அடாப்டர் போடறதைவிட அந்த ரெகுலேட்டரையும் குழாயையும் கழட்டிட்டு, நம்ம வீட்டு சிலிண்டர் ரெகுலேட்டரையே போடறது நல்லது. அங்க புரோப்பேன் கிரில் சுமாரா 28 மில்லிபார் அழுத்தத்துக்கு, நம்ம வீட்டு ரெகுலேட்டர் சுமாரா 30. ஜெட் மாத்த வேண்டியதில்லை. ஆனா பெட்டியில இயற்கை எரிவாயு மாடல்னு போட்டிருந்தா நிறுத்துங்க. அதோட ஜெட் ஓட்டை பெருசு, எல்.பி.ஜி. விட்டா தீ கட்டுக்கடங்காது. ஜெட்டை மாத்தாம பத்த வைக்கக் கூடாது.

குழாய் கம்பி வலை வெச்ச ஐ.எஸ்.ஐ. சுரக்ஷா குழாயா இருக்கட்டும். தோட்டத்து எலி வெறும் ரப்பரை விட்டு வைக்காது. 5 வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்க.

ஆனைகட்டி: ஹோம்ஸ்டேல வெச்சிருக்கறோம். கல்யாணச் சமையலுக்கு வெக்கிற பெரிய பட்டி அடுப்போட ரெகுலேட்டர் போட்டா வேகமா எரியுமுங்களா?

வேண்டவே வேண்டாம். அது உயர் அழுத்த ரெகுலேட்டர், வீட்டு ரெகுலேட்டரைப்போலப் பல மடங்கு அழுத்தம் குடுக்கும். கிரில் வால்வும் குழாயும் அதைத் தாங்காது. அப்புறம், வியாபார இடத்துல 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் சட்டப்படி கூடாது, 19 கிலோ மாதிரி வியாபாரச் சிலிண்டர்தான். குளிர்ல சிலிண்டர் பனி புடிச்சுத் தீ குறைஞ்சா சிலிண்டரைச் சூடு பண்ணாதீங்க, ரெண்டு பர்னரை அணைச்சாலே அழுத்தம் திரும்பும். கசிவு வாசம் வந்தா அவசர எண் 1906.

காங்கேயம்: எங்க ஊர்ல தொட்டிக்கரி (கொட்டாங்குச்சிக் கரி) மலிவா கிடைக்குது. அப்புறம் எதுக்குங்க கேஸ்?

வருஷத்துக்கு நாலு தடவைதான் சுடுவீங்கன்னா கேஸ் வேண்டாம். தேங்காய்த் தொட்டிக் கரி கனமான சூடு குடுக்கும், சாம்பல் குறைவு, கெட்டுப் போற பாகமே இல்லை. ஆனா கனல் வர்ற வரைக்கும் அரை மணி நேரம் காத்திருக்கணும். வாரம் ஒருக்கா சுடற வீட்டுக்குத்தான் கேஸ் கட்டுபடியாகும்.

தாராபுரம்: 20,000 ரூபாய்க்கும் இருக்குது, 60,000 ரூபாய்க்கும் இருக்குது. எது லாபம்?

விலையை வருஷத்தால வகுத்துப் பாருங்க. 20,000 கிரில் நாலு வருஷத்துல பெட்டியே மக்கினா வருஷத்துக்கு 5,000. 60,000 கிரில் 15 வருஷம் வந்து, நடுவுல பர்னருக்கும் தகட்டுக்கும் 15,000 செலவானாலும் அதே 5,000தான். அப்ப எது வாங்கினாலும் ஒண்ணான்னு கேப்பீங்க. மாசம் ஒருக்காகூடப் பத்த வைக்காத வீட்டுக்கு மலிவே சரி. அடிக்கடி சமைக்கிறவங்களுக்கு நான் வார்த்த அலுமினியப் பெட்டி, ரெண்டு மூணு பர்னர், அவ்வளவுதான் சொல்லுவேன். பக்கவாட்டு அடுப்பு, விளக்கு, சுழல் கம்பி மோட்டார், இதுக்கெல்லாம் குடுக்கிற காசை பர்னர் கனத்துல போடுங்க.

கேஸ் செலவு: 30,000 பி.டி.யூ. கிரில் முழுத் தீயில மணிக்கு சுமாரா 700 கிராம் எடுக்கும். 14.2 கிலோ சிலிண்டர் 20 மணி நேரம்.

பவானி: நாட்டுக்கோழி வெச்சா எண்ணெய் சொட்டித் தீ புடிச்சுக்குது, வெளியே கருகி உள்ள வேகலை.

ஒரு பக்க பர்னரை மட்டும் எரிய விட்டு, கோழியை அணைஞ்ச பக்கம் வெச்சு மூடியைப் போடுங்க. நாட்டுக்கோழி பிராய்லரைவிடக் கெட்டி, பொறுமையா வேகணும். உள்ளே 74 டிகிரி செல்சியஸ் ஆனப்புறம் தீப் பக்கம் மாத்தி நிறம் ஏத்துங்க. மூடியில இருக்கிற மீட்டர் காத்துச் சூட்டைத்தான் காட்டும், கறிக்குள்ள குத்தற தெர்மாமீட்டர் தனியா வாங்குங்க. கொழுப்புத் தட்டை ஒவ்வொரு தடவையும் காலி பண்ணுங்க. பெரிசாத் தீ புடிச்சா நாப்பையும் சிலிண்டரையும் மூடி, மூடியைச் சாத்துங்க. தண்ணி ஊத்தாதீங்க.

சென்னிமலை: பழைய கிரில் ஒண்ணு விலைக்கு வருது. என்ன பாக்கோணும்?

தட்டைத் தூக்கிட்டு, பெட்டியோட அடிப்பக்கத்தை ஸ்குரூடிரைவர் முனையால அழுத்திப் பாருங்க. உள்ளே இறங்கினா விட்டுடுங்க. நாப்பெல்லாம் கையில லேசாத் திரும்பணும், இறுகியிருந்தா வால்வு காய்ஞ்சிருக்குது. பர்னரும் தகடும் மக்கியிருந்தா கவலை இல்லை, ஈரோட்டுக்காரருக்குச் சொன்ன மாதிரி செஞ்சுக்கலாம், அந்தச் செலவை விலையில குறைச்சுக் கேளுங்க. குழாயும் ரெகுலேட்டரும் எப்படி இருந்தாலும் புதுசு போடுங்க.