‘டிஸ்ப்ளே’ என்றால் விளையாடாதே என்றா பொருள்?

அன்புள்ள ஐயா,

போன வாரம் என் ஃபோன் கீழே விழுந்துவிட்டது. கடையில் கொடுத்தால் “டிஸ்ப்ளே போயிடுச்சு சார், மாத்தணும்” என்றார்கள். பக்கத்தில் நின்ற என் மகன், ஏழாம் வகுப்பு, “டிஸ்லைக்னா பிடிக்கலைன்னு அர்த்தம். அப்போ டிஸ்ப்ளேன்னா விளையாடாதேன்னு அர்த்தமாப்பா?” என்று கேட்டான். கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்கோ பதில் தெரியவில்லை. டிஸ்ப்ளேயும், நாங்கள் ஆபீசில் நாள் முழுக்கச் சொல்லும் டிப்ளாயும் ஒரே சொல்தான் என்று முன்பு ஒரு கட்டுரையில் ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போனீர்கள். ஒன்று திரையில் தெரிவது, இன்னொன்று சர்வரில் ஏற்றுவது. எப்படி ஒன்றாகும்?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

உங்கள் மகன் சொன்னது பாதி சரி. அந்த ‘டிஸ்’ ஒன்றைத் தலைகீழாக்கும் டிஸ்தான். கோளாறு ‘ப்ளே’யில் இருக்கிறது. விளையாட்டைக் குறிக்கும் ப்ளே பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். டிஸ்ப்ளேயில் இருப்பது அது இல்லை. லத்தீனில் மடிப்பதைக் குறிக்கும் ‘ப்ளிகாரே’. பிளைவுட் வாங்கப் போனால் எத்தனை ‘பிளை’ என்று கேட்கிறோமே, அந்தப் பிளையும் இதன் வழி வந்ததுதான். ஆக, டிஸ்ப்ளே என்றால் மடித்ததைப் பிரிப்பது, விரிப்பது.

பிரெஞ்சு வழியாக இந்த வினைச்சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது 1300-ஐ ஒட்டி. அப்போது அதற்குக் ‘காட்டு’ என்ற பொருள் முதன்மையாக இல்லை. கொடியை விரித்தார்கள், பாயை விரித்தார்கள் (கப்பல் பாய்), பறவை சிறகை விரித்தது. கையால் செய்யும் வேலை, அவ்வளவுதான். சுருட்டி வைத்த கொடியை விரித்தால் அதிலிருக்கும் சின்னம் ஊருக்கே தெரியும். அப்படித்தான் ‘காட்டுவது’ பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. தமிழும் இதே வழியில் போயிருக்கிறது. ‘கடை விரித்தேன், கொள்வாரில்லை’ என்கிறோம். துணியை விரிப்பதும் சரக்கைக் காட்டுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன.

ஆனால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் கொடியை விரிப்பது சும்மா ஒரு காட்சி இல்லை. போர் என்று அறிவிப்பது. கொடி சுருண்டிருக்கும்வரை நீங்கள் ஆயுதத்தோடு பயணம் போகிற ஒரு பிரபு. அரசனுக்கு எதிரே அதை விரித்துவிட்டால் துரோகி. லங்காஸ்டர் பிரபு தாமஸ், இங்கிலாந்து அரசன் இரண்டாம் எட்வர்டின் சித்தப்பா மகன், அந்த அரசனையே எதிர்த்துக் கிளம்பி, 1322 மார்ச் 16-ல் பாரோபிரிட்ஜ் சண்டையில் தோற்றுப் பிடிபட்டான். ஆறாம் நாள், தன் சொந்தக் கோட்டையான பான்டிஃபிராக்டில் தலை போயிற்று. வாதாட வாய்ப்பே தரவில்லை.

ஐந்து வருடம் கழித்து, ஆட்சி மாறியதும், அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார்கள். அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றுதான் என்னை இந்தச் சொல்லின் பின்னால் ஓட வைத்தது: அது போர்க்காலமே இல்லை, நீதிமன்றங்கள் திறந்திருந்தன, அரசனும் கொடி விரித்துப் புறப்படவில்லை, எனவே முறையாக விசாரிக்காமல் கொன்றது தவறு. லத்தீன் ஆவணத்தில் ‘விரித்த’ என்பதற்கு இருக்கும் சொல்லும் அதே ‘ப்ளிகாரே’வில் இருந்து பிறந்ததுதான். ஒரு துணி சுருண்டிருந்ததா விரிந்திருந்ததா என்பதை வைத்துச் செத்தவனுக்கு நியாயம் பேசியிருக்கிறார்கள். தாமஸ் ஒன்றும் உத்தமன் இல்லை, அது வேறு விஷயம்.

இனி சாப்பாட்டு மேசை. 1508-ல் லண்டனில் விங்கின் டி வோர்ட் என்ற அச்சுக்காரர், விருந்தில் இறைச்சி அறுத்துப் பரிமாறுபவர்களுக்காக ஒரு சின்னப் புத்தகம் போட்டார். ஒவ்வொரு பிராணியை அறுப்பதற்கும் ஒவ்வொரு வினைச்சொல். பொதுவாக ‘அறு’ என்று சொல்லிவிட்டால் நீங்கள் பட்டிக்காட்டான். அன்னத்தைத் ‘தூக்க’ வேண்டும், மயிலை ‘உருக்குலைக்க’ வேண்டும், பெருங்கொக்கை ‘டிஸ்ப்ளே’ செய்ய வேண்டும். எப்படி என்றும் எழுதியிருக்கிறது: கொக்கின் கால்களை மடிப்பு நீக்கி விரி, சிறகுகளை மூட்டில் வெட்டு, பிறகு இஞ்சிப்பொடி, கடுகு, வினிகர், உப்பு சேர்த்துக் கொடு. முழங்காலை மடித்து வைத்திருந்த கொக்கு தட்டில் நீட்டி நிமிர்வதை நினைத்துப் பாருங்கள். சொல்லின் வேர்ப்பொருள் அப்படியே அந்தக் காலில் தெரிகிறது.

அதே பட்டியலில் பிரீம் என்ற மீனுக்கு வேறொரு சொல்: ‘ஸ்ப்ளே’. இது டிஸ்ப்ளேயின் தலை போன வடிவம், வேறொன்றும் இல்லை. நம் கடற்கரையில் பெரிய மீனை முதுகில் கீறி, இரண்டு பக்கமும் விரித்து உப்புப் போட்டுக் காயவைப்பார்களே, அந்தக் கோலத்தை நினைத்துக்கொண்டால் போதும். காலை அகட்டி வைப்பதற்கும் ஸ்ப்ளேதான். கட்டடத்தில் அது இன்னும் அழகு. பழைய ஆங்கிலேயத் தேவாலயங்களின் சுவர் பெரும் கனம். சன்னல் வெளிப்பக்கம் ஒரு கீறல் மாதிரிதான் இருக்கும். சுவரின் கனத்துக்குள்ளேயே பக்கங்கள் சாய்ந்து, உள்ளே வர வர அகலமாகும். கொஞ்சம் வெளிச்சம் நுழைந்தாலும் சாய்ந்த பக்கங்களில் பட்டு அறைக்குள் பரவும். அந்தச் சாய்வுக்கும் பெயர் ஸ்ப்ளே.

பழைய பொருள் இன்று சாகாமல் இருப்பது, கேடயத்திலும் கொடியிலும் வரையும் குலச் சின்னங்களை விவரிக்கும் ‘ஹெரால்ட்ரி’ என்ற துறையில். மார்பைக் காட்டி, சிறகும் காலும் இரண்டு பக்கமும் விரித்த கழுகை அந்தத் துறையில் இன்றும் ‘டிஸ்ப்ளேடு’ என்றுதான் எழுதுவார்கள். 1782-ல் ஏற்கப்பட்ட அமெரிக்க அரசு முத்திரையின் சட்ட விவரணையிலும் அதே சொல் இருக்கிறது. ஒரு டாலர் நோட்டின் பின்பக்கம் இருப்பது அந்தக் கழுகுதான். மகனிடம் படத்தைக் காட்டுங்கள், காட்டியதும் டிஸ்ப்ளேதான்.

டிப்ளாய்க்கு வருகிறேன். பிரெஞ்சில், டிஸ்ப்ளேயைப் பெற்ற அந்தப் பழைய சொல் தேய்ந்து ‘தெப்ளுவாயே’ என்று ஆகியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ராணுவச் சொல்லாக ஆங்கிலம் அதை மறுபடி கடன் வாங்கியது. நீள வரிசையாக நடந்துவரும் படையைக் களத்தில் அகலமாக விரித்து நிறுத்துவது டிப்ளாய். முன்பு ஒருமுறை வாங்கிய அதே பொருளை, பெயர் மாறியதால் அடையாளம் தெரியாமல், திரும்ப வாங்கி வந்த கதை. பொட்டலமாகக் கட்டி வைத்த மென்பொருளை உங்கள் ஆபீசில் சர்வரில் விரிக்கிறீர்கள். எனக்கென்னவோ ஃபோன் திரையைவிட உங்கள் சர்வர்தான் மூலப்பொருளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மடிக்கும் ஃபோன் வந்த பிறகு திரையும் கொஞ்சம் திருந்தியிருக்கிறது. ‘மடிக்கும் டிஸ்ப்ளே’ என்று விளம்பரம் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

மகனுக்கு ஒன்று மிச்சம் வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே தலையை இழந்து ஸ்ப்ளே ஆனது போலவே, ‘டிஸ்போர்ட்’ என்றொரு சொல்லும் தலையை இழந்தது. கவலையிலிருந்து மனத்தை வேறு பக்கம் கொண்டுபோவது, பொழுதுபோக்குவது என்று அதற்குப் பொருள். மிஞ்சிய வால்தான் ‘ஸ்போர்ட்’. அவன் தேடிய விளையாட்டு அங்கே இருக்கிறது, டிஸ்ஸோடு சேர்ந்தே.