ஏழு ஷில்லிங் வித்தியாசம்

கேள்வி: இரண்டாம் உலகப்போர் நடந்தபோது, பெண் உறுப்பினர் டாக்டர் ஈடித் சம்மர்ஸ்கில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நஷ்டஈடு, பால் என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தாராமே! குண்டு விழுகிற நேரத்தில் இது தேவையா?

பதில்: குண்டு விழுந்ததால்தான் தேவைப்பட்டது. 1941 மே 10 இரவு நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை மண்டபமே எரிந்துபோனது. உறுப்பினர்கள் வேறு கூரைக்குக் கீழே கூடினார்கள்; கேள்வி நேரத்தை விடவில்லை.

குண்டுவீச்சில் காயம்பட்ட பொதுமக்களுக்கு அரசு நஷ்டஈடு கொடுத்தது. ஆணைவிடப் பெண்ணுக்கு வாரத்துக்கு 7 ஷில்லிங் (அந்நாளைய பிரிட்டிஷ் காசு) குறைவு. ஒரே தெரு, ஒரே குண்டு, ஆளுக்கு ஒரு கால் போயிருக்கும். ஆனாலும் அவள் கால் மலிவு! பெண்களுக்குச் சம்பளம் குறைவு, அதனால் இழப்பும் குறைவு என்பது அரசின் கணக்கு. சரி, சம்பளமே இல்லாமல் நாளெல்லாம் சமைத்துத் துவைத்தவளுக்கு இழப்பே இல்லையா? உள்ளே இருந்த பயம் வேறு. இதில் சமம் என்று ஒப்புக்கொண்டால், அடுத்து சம்பளத்திலும் சமம் கேட்பார்களே!

இந்தச் சண்டையில் எனக்குப் பிடித்தது அதன் கூட்டணிதான். சம்மர்ஸ்கில் லேபர் கட்சி. அவரோடு தோள் சேர்ந்த பெண் உறுப்பினர் மேவிஸ் டேட், எதிர்முகாமான கன்சர்வேடிவ் கட்சி. 1942 நவம்பரில் சம நஷ்டஈடு கேட்டு டேட் கொண்டுவந்த திருத்தத்துக்கு ஆதரவு 95, எதிர்ப்பு 229. தோல்விதான். ஆனால் போர்க்காலக் கூட்டணி அரசை எதிர்த்து 95 பேர் என்பது லேசுப்பட்டதல்ல. 1943 ஏப்ரலில் அரசு இறங்கிவந்து தொகையைச் சமமாக்கியது.

கேள்வி: பால் என்ன ஆனது?

பதில்: அது இன்னும் இழுத்தது. காசநோய் பிடித்த மாட்டின் பாலைப் பச்சையாகக் குடித்த குழந்தைகளுக்குக் கழுத்தில் நெறி கட்டும். சிலருக்கு எலும்பு, மூட்டு வரை போகும். மருத்துவரான சம்மர்ஸ்கில்லுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பாலைச் சுமார் 63 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரை மணி நேரம் வைத்தால் கிருமி செத்துவிடும், கொதிக்கக்கூட வேண்டாம். இதற்கும் எதிர்ப்பு: ருசி போய்விடும், சத்து போய்விடும், சிறு பண்ணைக்காரர் பிழைக்க முடியாது!

1945இல் லேபர் ஆட்சிக்கு வந்ததும் அவர் உணவுத்துறையின் நாடாளுமன்றச் செயலாளரானார். இப்படிச் சூடாக்கிய, அதாவது பாஸ்சரைஸ் செய்த, பாலுக்கு வழிவிட்ட சட்டம் 1949இல் வந்தபோது, அவர் உட்கார்ந்திருந்தது கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பெஞ்சில்.