ரௌட்டரை மாற்றியதும் அலெக்சா பேச மறுப்பது ஏன்?

கேள்வி: ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் மகன் எங்களுக்கு, 'அலெக்சா' என்று அழைத்தால் பேசும் அமேசானின் எக்கோ டாட் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தான். காலையில் சுப்ரபாதம், செய்தி எல்லாம் அதில்தான் கேட்போம். போன வாரம் பழைய இன்டர்நெட்டை நிறுத்திவிட்டு வேறு ஃபைபர் இணைப்பு எடுத்தோம். அன்றிலிருந்து அலெக்சாவை அழைத்தால் இணையம் கிடைக்கவில்லை என்றே சொல்கிறது. இணைப்பு கொடுக்க வந்த தம்பி, "இது 5ஜி ரௌட்டர்மா, உங்க அலெக்சா பழசு, வேற வாங்கணும்" என்கிறார். கூகுளில் தேடி ஒரு ஹெல்ப்லைன் எண்ணுக்கு அழைத்தால், போனில் ஏதோ ஆப் போடச் சொல்லி 1,999 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?
ஓய்வுபெற்ற ஆசிரியை, ராஜபாளையம்

பதில்: கட்டாதீர்கள் அம்மா. புதிதாக வாங்கவும் வேண்டாம். உங்கள் எக்கோ டாட் கெட்டுப்போகவில்லை. பழைய வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும்தான் அதன் நினைவில் இருக்கின்றன. அந்த வைஃபை இப்போது வீட்டில் இல்லாததால் அது தேடிக்கொண்டே இருக்கிறது.

முதலில் அந்த ஹெல்ப்லைன். அலெக்சாவுக்கு வைஃபை மாற்ற அமேசான் பணம் வாங்குவதே இல்லை. உதவி வேண்டுமென்றால் அமேசான் ஆப்புக்குள் இருக்கும் வாடிக்கையாளர் சேவை வழியாக மட்டும் கேளுங்கள். தேடலில் மேலே வரும் "அலெக்சா சப்போர்ட்" எண்களில் பல, காசு கொடுத்துப் போட்ட விளம்பரங்கள். அவர்கள் போடச் சொல்லும் ஆப், பெரும்பாலும் எனி டெஸ்க் மாதிரி உங்கள் போன் திரையை அவர்கள் பார்க்க வழி செய்யும் ஆப்தான். அதைப் போட்டால் வங்கியிலிருந்து வரும் ஓடிபியும் அவர்கள் கண்ணில் படும். போட்டிருந்தால் இப்போதே நீக்குங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பைக் குறைக்கும். இப்படிப்பட்ட விளம்பரங்களைத் தேடல் தளங்கள் ஆண்டுக்கணக்கில் ஏன் அனுமதிக்கின்றன என்பது எனக்கு ஆறாத கோபம்.

அடுத்து "5ஜி ரௌட்டர்". வைஃபை பெயரின் கடைசியில் வரும் 5ஜி வேறு, செல்போன் 5ஜி வேறு. ரௌட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தரும். முதலாவது சுவர் தாண்டித் தூரம் போகும். இரண்டாவது வேகம் அதிகம், தூரம் குறைவு. எக்கோ டாட் இரண்டிலும் வேலை செய்யும். ஆகவே அந்தத் தம்பி சொன்ன காரணம் தவறு. "வேகமான பிளானுக்கு மாறுங்கள்" என்று அடுத்து வந்தாலும் நம்பாதீர்கள். அலெக்சா பேசவும் பாடவும் விநாடிக்கு ஒரு மெகாபிட் (1 Mbps) வேகம் சீராக வந்தாலே போதும்.

இனி வேலை. பழைய வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் நினைவிருந்தால் அலெக்சாவைத் தொடவே வேண்டாம். புதிய ரௌட்டருக்கு அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் வைத்துவிடுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இடைவெளி, கோடு எல்லாம் அச்சு அசலாக இருக்க வேண்டும். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 என்பதைத் தேர்ந்தெடுங்கள்; டபிள்யூபிஏ3 மட்டும் வைத்தால் பழைய சாதனங்கள் சில ஒட்டாது. சில நிமிடங்களில் அலெக்சா தானாகவே சேர்ந்துகொள்ளும். டிவி, சிசிடிவி, ஸ்மார்ட் பிளக் எல்லாமும் அப்படியே சேர்ந்துவிடும். இணைப்பு கொடுக்க வருகிறவர்கள் இந்த ஒரு காரியத்தைச் செய்துவிட்டுப் போனால் பாதி வீடுகளில் இந்தத் தலைவலியே வராது.

இதற்கு, வைஃபையில் இருக்கும் போனின் பிரௌசரில் ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) தட்டச்சு செய்து உள்ளே போக வேண்டும். இங்கேதான் சிக்கல். வைஃபை பாஸ்வேர்டு ஒன்று, ரௌட்டருக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு வேறொன்று. உள்ளூர் ஆட்கள் பலர் இரண்டாவதை மாற்றி வைத்துக்கொண்டு சொல்ல மாட்டார்கள். வைஃபை பெயர் மாற்றக்கூட அவர்களை அழைத்து, வந்ததற்கு 200, 300 கொடுக்க வேண்டும் என்பது அநியாயம். மாதச் சந்தா கட்டுவது நீங்கள். உங்கள் வீட்டு வைஃபைக்குப் பெயர் வைக்கும் உரிமையும் உங்களுடையது. உறுதியாகக் கேளுங்கள். மறுத்தால் நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் புகார் எண் வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

ஆனால் கோபத்தில் ரௌட்டரின் பின்பக்கச் சிறு துளையில் ஊசியைக் குத்திவிடாதீர்கள். அது எல்லாவற்றையும் அழித்துவிடும். நிறுவனம் போட்டுவைத்த இணைப்பு விவரமும் போய், வீட்டில் இன்டர்நெட்டே நின்றுவிடும். உள்ளே போனாலும் வைஃபை பக்கத்தைத் தவிர வேறெதையும் மாற்ற வேண்டாம்.

பழைய பெயர் நினைவில்லையா? அப்போது அலெக்சாவில்தான் மாற்ற வேண்டும். போனை எக்கோவின் அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ப்ளூடூத், லொகேஷன் இரண்டையும் ஆன் செய்யுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். பலரும் தோற்பது இந்த இடத்தில்தான். எக்கோ தானே உண்டாக்கும் தற்காலிக வைஃபையில் போனைச் சேர்க்க வேண்டி வந்தால், அதில் இணையம் இல்லை என்று கண்டதும் போன் தானாக டேட்டாவுக்குத் தாவிவிடும். ஆப்பும் "முடியவில்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டி நின்றுவிடும். ஏன் முடியவில்லை என்று அந்த வரி சொல்லாது.

அலெக்சா ஆப்பில் சாதனங்களின் பட்டியலில் உங்கள் எக்கோ டாட்டைத் தொட்டு, அதன் அமைப்புகளில் வைஃபை என்ற வரிக்கு எதிரே உள்ள மாற்று பட்டனை அழுத்துங்கள். எக்கோவின் தலையில் புள்ளி போட்ட பட்டனைச் சுமார் 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஆரஞ்சு வெளிச்சம் சுற்ற ஆரம்பித்ததும் கையை எடுத்துவிடுங்கள். அதற்கு மேலும் பிடித்திருந்தால் மொத்தமும் அழிந்து புதுப்பெட்டி போல ஆகிவிடும். பிறகு ஆப் காட்டும் பட்டியலில் உங்கள் வைஃபையைத் தேர்ந்து பாஸ்வேர்டைப் போடுங்கள். எக்கோ ஹாலில் ரௌட்டருக்குப் பக்கத்திலேயே இல்லையென்றால் கடைசியில் 5ஜி இல்லாத பெயரையே (2.4 கிகாஹெர்ட்ஸ்) தேர்ந்தெடுங்கள். முடிவில் ஊதா வெளிச்சம் மின்னினால் இணைப்பு சேரவில்லை என்று பொருள். பெரும்பாலும் பாஸ்வேர்டில் ஓர் எழுத்து தவறியிருக்கும். சிவப்பு வளையம் வந்தால் பயப்பட வேண்டாம், மைக் பட்டன் அமுங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் விஷயத்தில் ஒரு விலக்கு இருக்கிறது, இதைக் கவனமாகப் படியுங்கள். எக்கோவை வாங்கியது மகன் என்பதால் அது அவருடைய அமேசான் கணக்கில் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் உங்கள் கணக்கில் திறந்த அலெக்சா ஆப்பில் அந்த எக்கோ கண்ணிலேயே படாது. மகன் ஹைதராபாத்திலிருந்து தன் போனில் மாற்றவும் முடியாது; ஆப் உள்ள போன் எக்கோவின் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு வழி. ஒன்று, உங்கள் போனின் அலெக்சா ஆப்பில் மகன் கணக்கில் நுழைவது. ஓடிபி அவருக்குப் போகும், போனில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மகன் எண்ணுக்கு நீங்களே அழைத்துப் பேசினால் மட்டும் இப்படி ஓடிபி பரிமாறலாம், வேறு யாரிடமும் கூடாது. ஆண்ட்ராய்டு போனில் அமேசான் ஷாப்பிங் ஆப்பும் அலெக்சா ஆப்பும் ஒரே கணக்கைப் பகிர்ந்துகொள்வதால், அலெக்சாவில் வெளியேறினால் ஷாப்பிங்கிலும் வெளியேறிவிடுவீர்கள். வீட்டில் இன்னொரு போன் இருந்தால் அதில் செய்வது நல்லது. இரண்டாவது வழி, மகன் தன் அமேசான் கணக்கின் சாதனங்கள் பக்கத்தில் இந்த எக்கோவைப் பதிவு நீக்கிவிட வேண்டும். பிறகு நீங்கள் உங்கள் கணக்கில் புதிதாகச் சேர்க்கலாம். அலாரம், ரொட்டீன் (தானாக நடக்கும்படி வைத்த வேலைகள்) எல்லாம் போய்விடும், ஆனால் அடுத்த முறை யாரையும் கேட்க வேண்டியிருக்காது. நான் இரண்டாவதையே சொல்வேன்.

இவ்வளவுக்குப் பிறகும் சேரவில்லை என்றால், எக்கோ கெட்டதா ரௌட்டர் கெட்டதா என்று நீங்களே பார்த்துவிடலாம். இன்னொரு போனில் ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆன் செய்து எக்கோவை அதில் சேருங்கள். பாடினால் எக்கோ நலம், குறை ரௌட்டர் அமைப்பில். அந்தத் தம்பியைக் கூப்பிட்டு இதைக் காட்டிப் பேசுங்கள். கரண்ட் போய் வந்த பின் மட்டும் அலெக்சா இப்படிச் சொன்னால் ஐந்து நிமிடம் பொறுங்கள். ரௌட்டர் முழுதாக எழுவதற்கு முன்பே எக்கோ எழுந்துவிடும்.